கொழும்பில் ஒரு வி-மேக்ஸ்: எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்

கொழும்பில் ஓட்டுவதற்கு யமஹா வி-மேக்ஸ் 1200 ஐ விடப் பொருத்தமில்லாத மோட்டார் சைக்கிளைத் தேடிப் பிடிப்பது கடினம். பெற்றோலும் ஒயிலும் நிரப்பி நிறுத்தினால் அதன் எடை 270 கிலோவைத் தாண்டும். நகருக்குள் அனுமதிக்கப்பட்ட வேகமான மணிக்கு 50 கிலோமீற்றரை அது இரண்டாவது கியரிலேயே சோம்பல் முறித்தபடி எட்டிவிடும். அதன் எஞ்சின் உண்மையில் மூச்சு விடத் தொடங்குகிற வேகத்துக்கு இடம் தரக்கூடிய அதிவேக நெடுஞ்சாலைகளிலோ மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதியே இல்லை. வெள்ளவத்தைச் சந்தியில் பின்னேரம் ஐந்தரை மணிக்கு, முன்னால் ஒரு பஸ்ஸும் இரு பக்கமும் முச்சக்கரவண்டிகளுமாக நிற்கும்போது, தொடைகளுக்கு நடுவே நான்கு சிலிண்டர்கள் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். இவ்வளவும் தெரிந்தே பல ஆண்டுகளாக அதை வைத்திருக்கிறேன். விற்கும் எண்ணமும் இல்லை. அந்தப் பிடிப்புக்கான காரணத்தையும், அதை இந்த ஊரில் ஓடக்கூடிய நிலையில் வைத்திருக்கச் செய்த மாற்றங்களையும், பலர் வற்புறுத்தியும் செய்யாமல் விட்ட மாற்றங்களையும் எழுதிவைப்பது, இதே வண்டியையோ இதே காலத்துப் பெரிய வண்டிகளையோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

வி-மேக்ஸ் 1985 ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. நேர்ப்பாதையில் கால் மைல் தூரத்தை யார் முதலில் கடப்பது என்று போட்டியிடும் அமெரிக்கப் பழக்கத்தை மனதில் வைத்தே அதை வடிவமைத்தார்கள். எஞ்சினைப் புதிதாக உருவாக்காமல், நீண்ட பயணங்களுக்காகத் தாம் ஏற்கெனவே செய்திருந்த வென்சர் என்ற வண்டியின் 1198 சீசி வி-4 எஞ்சினை (நான்கு சிலிண்டர்கள் வி வடிவில் அமைந்தது) எடுத்து, அதன் சுபாவத்தையே மாற்றினார்கள். அந்த மாற்றத்தின் உயிர்நாடி வி-பூஸ்ட் என்ற ஏற்பாடு. சாதாரணமாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு காபரேற்றர்தான் காற்றும் பெற்றோலும் ஊட்டும். எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6000 சுற்றைத் தொடும்போது, சோடி சோடியாக உள்ள உட்கொள் குழாய்களுக்கு நடுவே இருக்கும் மடல் வால்வுகள் ஒரு சிறிய மோட்டாரின் உதவியுடன் திறக்கத் தொடங்கி, 8000 சுற்றில் முழுமையாகத் திறந்துவிடும். அப்போது ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு காபரேற்றர்களிலிருந்து குடிக்கிறது. யமஹா அறிவித்த 145 குதிரைவலு அங்கேதான் கிடைத்தது. அந்தக் காலத்தில் அது பெரும் எண்ணிக்கை.

ஆனால் அந்த எஞ்சினைத் தாங்கிய சட்டமும், முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க்கும், பிறேக்கும் அந்த வலுவுக்கு ஈடாக இருக்கவில்லை என்பதை அன்றைய சோதனை ஓட்டிகளே எழுதினார்கள். நேராகப் பாய்வதில் அதற்கு நிகர் இல்லை, வளைவில் அது வேறு வண்டி. இதில் வியப்பு என்னவென்றால், 1993 இல் 40 மில்லிமீற்றர் ஃபோர்க்கை 43 மில்லிமீற்றராக்கிப் பிறேக்கைப் பெரிதாக்கியது போன்ற சில திருத்தங்களைத் தவிர, 2007 வரை ஏறக்குறைய அதே வண்டியையே விற்றுக்கொண்டிருந்தார்கள். என் கணிப்பில் அதன் நீடித்த கவர்ச்சிக்கு முதற் காரணம் இதுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் மாறாத ஒரு வண்டியின் குறைகள் எல்லாருக்கும் மனப்பாடம்; ஒவ்வொரு குறைக்கும் யாரோ ஒருவர் எங்கோ ஒரு கராஜில் ஒரு திருத்தத்தைக் கண்டுபிடித்து, அது பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டும் விட்டது. ஓர் ஆண்டு வண்டியின் பாகம் இன்னோர் ஆண்டு வண்டியில் பெரும்பாலும் பொருந்திவிடும். தொழிற்சாலை பாதியில் விட்ட வேலையை முடிக்கும் பொறுப்பு உரிமையாளரிடம் வந்துசேர்ந்தது என்றே இதைச் சொல்வேன். 2009 இல் வந்த 1679 சீசி, 200 குதிரைவலு வி-மேக்ஸ் எல்லா வகையிலும் திருத்தமான வண்டி. 2020 இல் அதன் உற்பத்தியும் நின்றுவிட்டது. அதைப் பார்த்து மதிக்கிறேன், ஆனால் அதில் எனக்குச் செய்ய எதுவும் இல்லை.

என்னிடம் இருப்பது ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு, தொண்ணூறுகளில் பாவித்த வாகனமாக இலங்கைக்கு வந்து, கை மாறி என்னிடம் சேர்ந்த ஆரம்ப மாதிரி. ஜப்பானில் இந்த வண்டி 1990 இல்தான் விற்பனைக்கு வந்தது. அங்கே வி-பூஸ்ட்டை நீக்கி, வலுவை 97 குதிரைவலுவாகக் குறைத்திருந்தார்கள். ஆகவே, வண்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "வி-பூஸ்ட் போட்டாச்சா?" என்பதாகவே இருக்கும். போடவில்லை. மடல் வால்வுகளுள்ள குழாய்கள், அவற்றைத் திருப்பும் மோட்டார், கட்டுப்படுத்தும் பெட்டி, காபரேற்றரில் பெற்றோலை அளந்து விடும் சிறு துளைகளான ஜெட்டுகளின் அதற்கேற்ற அளவுகள் என்று ஒரு முழுத் தொகுதி தேவை. பழைய வண்டிகளிலிருந்து கழற்றி விற்கிறார்கள், கிடைக்காத பொருள் அல்ல. ஆனால் 6000 சுற்றுக்கு மேல் மட்டும் வேலை செய்யும் ஓர் ஏற்பாட்டை, காலி வீதியில் 3000 சுற்றைத் தாண்டாமல் ஓடும் வண்டிக்கு மாட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தை ஓடுபாதையில் பந்தயம் ஓடுகிறவருக்கு அது பொருந்தும். வேறு சிலர், வால்வுகளைச் சுவிட்ச் ஒன்றினால் குறைந்த சுற்றிலேயே திறந்துவைக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்கிறார்கள். அதில் சத்தம் தடிக்கும், வி-பூஸ்ட் திறப்பதுபோன்ற உணர்வும் வரும். ஆனால் குறைந்த சுற்றில் காற்றின் வேகம் தளர்ந்து எஞ்சின் தடுமாறுவதால், வண்டி உண்மையில் மந்தமாகும். இந்த வண்டியின் சுகம் நடுத்தரச் சுற்றில் கிடைக்கும் இழுவையில்தான் இருக்கிறது, அதை எந்த மாற்றத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக்கூடாது.

பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பானிய உதிரிப்பாகங்கள் விற்கும் கடைகளுக்குப் பின்புறம் ஒரு மெக்கானிக் நானா இருக்கிறார். வி-4 எஞ்சின்களை நன்கு அறிந்தவர். வண்டியை முதலில் அவரிடம் கொண்டுபோய், என்னென்ன மாற்றலாம் என்று ஆர்வத்தோடு கேட்டபோது, அவர் எஞ்சின் பக்கம் திரும்பியும் பார்க்காமல் பிறேக் பிடியை இரண்டு தரம் அழுத்திவிட்டு, "தம்பி, இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. அதத் தொடாதீங்க. மொதல்ல இத நிறுத்தப் பாருங்க" என்றார். அந்த ஒழுங்கையே இன்றுவரை பின்பற்றுகிறேன். பழைய ரப்பர் பிறேக் ஹோஸ்கள் அழுத்தத்தின்போது வீங்கிக்கொடுக்கும். நாம் பிடியில் போடும் விசையின் ஒரு பங்கு அந்த வீக்கத்திலேயே போய்விடும். அவற்றை எஃகு வலை பின்னிய ஹோஸ்களாக மாற்றி, டிஸ்க்கை இறுகப் பிடிக்கும் காலிப்பர்களைக் கழற்றிச் சீல்களைப் புதுப்பித்து, பிறேக் திரவத்தை முழுமையாக மாற்றிய பிறகு, அதே பழைய டிஸ்க்குகளோடு வண்டி வேறு மாதிரி நின்றது. கொழும்பின் ஈரக்காற்றில் பிறேக் திரவம் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தரம் அதை மாற்றிவிட வேண்டும். கிளச்சும் இதே திரவத்தால் இயங்குவது, அதையும் மறந்துவிடக்கூடாது.

அடுத்தது முன்பகுதி. 40 மில்லிமீற்றர் ஃபோர்க் உள்ள ஆரம்ப வண்டிகளுக்கு 1993 க்குப் பிந்திய முன்பகுதியை முழுத் தொகுதியாக மாற்றுவது வழக்கமான திருத்தம், செலவும் அதற்கேற்றதே. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. படிப்படியாக இறுகும் ஸ்பிரிங்குகளும், சற்றுத் தடித்த ஃபோர்க் ஒயிலும், இரண்டு கால்களையும் இணைக்கும் ஓர் அலுமினியப் பட்டையும், ஹாண்டில் திரும்பும் தலைப்பகுதியில் புதிய கூம்பு உருளைப் பெயாரிங்குகளும் போட்டேன். இவற்றுள் மிகக் குறைந்த பணத்தில் மிகப் பெரிய வித்தியாசத்தைத் தந்தது பெயாரிங்தான். வேகத்தில் வண்டி நெளிவதைச் சட்டத்தின் குறை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தேய்ந்த பெயாரிங், தவறான காற்றழுத்தம், சதுரமாகத் தேய்ந்த பின் ரயர் ஆகிய மூன்றையும் பார்த்து முடித்த பின்னரே சட்டத்தைக் குறை சொல்ல வேண்டும். சட்டத்தில் பூட்டக்கூடிய வலுவூட்டும் தண்டுகளும் உண்டு, நான் அவற்றுக்குத் தேவை காணவில்லை. ஏ-9 வீதியில் யாழ்ப்பாணம்வரை போய்வந்தபோது வண்டி நேர்கோட்டில் அமைதியாகவே ஓடியது.

கிளச் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வி-மேக்ஸ் வைத்திருப்பவர்கள் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இங்கேதான். திடீரென முறுக்கினால் சுற்று எகிறும், வேகம் ஏறாது. உடனே கிளச் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்வார்கள். இதன் கிளச்சை அழுத்தி வைத்திருப்பது வட்டத் தட்டு வடிவிலான ஒற்றை ஸ்பிரிங். காலப்போக்கில் அது களைத்துவிடும். அதன்மேல் இன்னொன்றையும் அடுக்கி இரட்டையாக்குவது உலகெங்கும் செய்யப்படும் திருத்தம். தட்டுகள் நல்ல தடிப்பில் இருந்தால் அதுவே போதும்; பிடி சற்று இறுகும், நெரிசலில் இடது கை அதை உணரும், ஆனால் பழகிவிடும். அதற்கு முன் எஞ்சின் ஒயிலைப் பார்ப்பது இன்னும் மலிவு. கார்களுக்கான ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் கலவைகள் சேர்ந்திருக்கும். இந்த வண்டியில் கிளச் அதே ஒயிலில் ஊறுவதால், அது வழுக்கும். மோட்டார் சைக்கிளுக்குரிய ஜாசோ எம்ஏ தரக்குறியுள்ள ஒயிலையே ஊற்ற வேண்டும்.

வெப்பத்தை எதிர்கொள்ளும் ஏற்பாடு, இந்த ஊரில் அழகு மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் முந்தியது. றேடியேற்றர் விசிறி, கூலன்ற் 100 பாகையைத் தாண்டிய பிறகே தானாக ஓடத் தொடங்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. குளிர்நாட்டுக்கு அது சரி. இங்கே, விசிறியைக் கையாலும் இயக்கக்கூடிய ஒரு சுவிட்சைச் சேர்த்துக்கொண்டால், பம்பலப்பிட்டிச் சந்தி விளக்கு கண்ணில் படும்போதே அதைப் போட்டுவிடலாம். ஆனால் வண்டி நின்றபடி விசிறி ஓடி, முன்விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்போது, குறைந்த சுற்றில் மின்னேற்றம் போதாமல் பற்றரி இறங்கும். ஆகவே விசிறிச் சுவிட்சைப் போடுமுன், மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேற்றரிலிருந்து அதைச் சீராக்கும் ரெகுலேற்றருக்குப் போகும் மூன்று வயர்களின் இணைப்பைத் திறந்து பாருங்கள். பழைய வண்டிகளில் அந்தப் பிளாஸ்ரிக் இணைப்பு உருகிக் கறுத்திருப்பது சாதாரணம். அதை வெட்டி எறிந்து, வயர்களைச் சுத்தம் செய்து, ஈயம் வைத்து நேரடியாக ஒட்டி மூடிவிடுவதே நிலையான தீர்வு. கண்ணாடிப் பியூஸ்கள் உள்ள பழைய பெட்டியில் கவ்விகள் வெடித்துவிடுகின்றன. கத்தி வடிவப் பியூஸ்கள் உள்ள சிறிய பெட்டி ஒன்றை எந்த வாகன மின்வேலைக் கடையிலும் வாங்கிப் பொருத்தலாம். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இந்த வேலைகளில் ஒன்றும் தெரியாது. மழைக்கால இரவில் வண்டி நடுவீதியில் நின்றுவிடாதபடி காப்பது இவைதான்.

கடலோர மரைன் டிரைவுக்கு அருகே வாழ்பவர்களுக்குக் கடற்காற்று தனிப் பகை. இந்த வண்டியின் முகமே மினுக்கிய அலுமினியமும் குரோமும்தான். பக்கங்களில் விடைத்து நிற்கும் அந்தப் பெரிய காற்றுவாய்கள் உள்ளே எந்தக் காற்றையும் கொண்டுபோவதில்லை, வெறும் அலங்காரம், ஆனால் அவை வெளிறிப்போனால் வண்டியின் கம்பீரமே போய்விடுகிறது. உப்புப் படிந்த மேற்பரப்பைத் துணியால் துடைப்பது உரசித் தேய்ப்பதற்குச் சமம், ஆகவே முதலில் நல்ல நீரால் கழுவ வேண்டும், காய்ந்த பின்னரே மெழுகு. மூடுதுணி போட்டு வைப்பவர்கள், காற்றுப் புகாத பிளாஸ்ரிக் உறையைத் தவிர்க்க வேண்டும்; உள்ளே தங்கும் ஈரம் வெளியே நிற்பதைவிடக் கூடுதலாக அரிக்கும். பின்சில்லுக்கு ரயர் மாற்றும் ஒவ்வொரு முறையும், சங்கிலிக்குப் பதிலாகச் சில்லைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் பக்கப் பல்லிணைப்பைத் துடைத்து மொலிப்டினம் கிறீஸ் பூசச் சொல்லுங்கள். கராஜில் அதை யாரும் தாமாகச் செய்வதில்லை.

பெற்றோல் தாங்கிபோலத் தெரிவது உண்மையில் காற்றுப் பெட்டியின் மூடி. உண்மையான தாங்கி இருக்கைக்குக் கீழே, 15 லீற்றர் கொள்ளளவோடு இருக்கிறது. எடை தாழ்ந்து நிற்பதற்கு அது உதவுகிறது, ஆனால் இந்த எஞ்சினின் தாகத்துக்கு அது சிறிது. 2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்து, கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கியபோது, வி-மேக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் ஐம்பது, அறுபது கிலோமீற்றர். வண்டிகள் மாதக்கணக்கில் நின்றன. நான்கு காபரேற்றர்களிலும் பெற்றோல் உலர்ந்து, மெல்லிய பைலற் ஜெட்டுகள் பிசின் பிடித்து அடைத்தன. நெருக்கடி தணிந்து வண்டிகளை எடுத்தபோது, பலருக்கு அவை இரண்டு சிலிண்டர்களில்தான் ஓடின. சில வாரங்களுக்கு மேல் நிறுத்துவதென்றால், ஒவ்வொரு காபரேற்றரின் அடியிலும் உள்ள திருகைத் தளர்த்திப் பெற்றோலை வடித்துவிடுவது ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலை. நான்கையும் கழற்றி, சுத்தம் செய்து, திரும்பச் சமப்படுத்துவதற்கு ஒரு வார இறுதியும் நல்லதொரு மெக்கானிக் பாஸும் தேவை.

இப்போது சைலன்சருக்கு வருவோம். நான்கு குழாய்களையும் ஒன்றாக்கும் இலகுவான சைலன்சர், அதற்கேற்ற ஜெட் தொகுதி, திறந்த காற்று வடிகட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தே இயங்க வேண்டியவை. ஒன்றை மட்டும் மாற்றினால் கலவை கெட்டுவிடும். சேர்த்து மாற்றினால் பல கிலோ எடை குறையும், மேல் சுற்றில் வலு கூடும் என்பது மெய். ஆனால் வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். கூடுதலாகப் பெற்றோல் ஊட்டும் ஜெட்டுகள் அங்கே அளக்கப்படும் காபன் மோனொக்சைட்டையும் ஹைட்ரோகாபனையும் உயர்த்தும். சத்தத்துக்காகப் பொலிஸார் மறிப்பதும் உண்டு. ஒழுங்கைகளில் குழந்தைகள் உறங்கும் நேரத்தில் அந்தச் சத்தத்தோடு வீடு திரும்புவது அயலவரிடம் நல்ல பெயர் வாங்கித் தராது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் பழைய சைலன்சரையே வைத்திருக்கிறேன். அதன் தாழ்ந்த உறுமல் எனக்குப் போதும்.

பின்னால் அகலமான ரயர் போடும் ஆசையும் அநேகருக்கு உண்டு. மூல அளவு 150/90-15. அதற்குப் பதிலாகப் பதினேழு அல்லது பதினெட்டு அங்குலச் சில்லைப் போட்டால் நவீன ரேடியல் ரயர்களைத் தெரிவுசெய்யலாம் என்பது உண்மையான பயன். வெறும் தோற்றத்துக்காக மிக அகலமாகப் போகிறவர்களுக்கு, ஒரு பக்கம் ஷாஃப்ட் இருப்பதால் இடம் போதாமல், பின்சில்லைத் தாங்கும் கையையே மாற்றவேண்டிவரும். கடைசியில் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் திருப்பவே முரண்டுபிடிக்கும் ஒரு வண்டிதான் மிஞ்சும்.

பாகங்கள் எப்படி வருகின்றன என்று கேட்பவர்களுக்கு: பஞ்சிகாவத்தையில் பொதுவான பெயாரிங், சீல், பியூஸ், பற்றரி எல்லாம் உண்டு. இந்த வண்டிக்கே உரியவை பெரும்பாலும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வரும் சொந்தக்காரரின் பெட்டிகளில், சொக்கலேற்றுகளுக்கு நடுவே வந்துசேர்கின்றன. கிளச் ஸ்பிரிங், பிறேக் ஹோஸ், காஸ்கற் போன்ற சிறியவற்றை அப்படிக் கேட்கலாம். பாவித்த காபரேற்றரையோ பெற்றோல் பம்பையோ கொண்டுவரச் சொல்லி அவர்களை விமான நிலையத்தில் சங்கடப்படுத்தக்கூடாது. பெற்றோல் வாசனையுள்ள பாகங்களை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பாகத்தின் இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். "வி-மேக்ஸ் கிளச் ஒண்டு வாங்கிவாங்கோ மாமா" என்று மட்டும் சொன்னால் 2009 க்குப் பிந்திய வண்டியின் பாகம்தான் வந்துசேரும்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்ததால், நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த பழைய பெரிய வண்டிகளின் விலை ஏறியது. அதோடு, பாதி கழற்றப்பட்ட வண்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. ஒன்றை வாங்கப் போகிறவர், மினுக்கத்தைப் பார்க்குமுன் சட்டத்தில் பொறித்த இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். எஞ்சின் மாறியிருந்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் அது இல்லையென்றால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது கியரில் சுமை கொடுத்து முறுக்குங்கள். ஆரம்ப ஆண்டு வண்டிகளில் அந்தக் கியர் துள்ளி வெளியேறுவதுண்டு, அதைச் சரிசெய்ய எஞ்சினையே பிரிக்க வேண்டும். கிளச் வழுக்கினால் விலையைக் குறைக்கலாம், அஞ்சத் தேவையில்லை. எஞ்சினை ஓடவிட்டபடி, விசிறி ஓடத் தொடங்கும்வரை வண்டியை நிறுத்தி வைத்துப் பாருங்கள். பற்றரியின் வோல்ற் அளவை அப்போது அளந்துகொள்ளுங்கள். விற்பவரிடம் மூலச் சைலன்சரும் காற்றுப் பெட்டியும் ஒரு பெட்டியில் பத்திரமாக இருந்தால், கேட்கும் விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தாலும் நட்டமில்லை. அவற்றை இப்போது தனியாகத் தேடி வாங்குவதற்கு அதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.